உறையாத பச்சைத் தண்ணீர்

தையல்காரியின் கணவர் தொட்ட தண்ணீரெல்லாம் பனிக்கட்டியாக ஆரம்பித்தது ஒரு குளிர்காலத்தின் முதல் வாரத்தில்தான். அதுவரை அவரும் எல்லாரையும் போல டீயை ஊதித்தான் குடித்துவந்தார்.

தையல்காரிக்கு அப்பா விட்டுப்போன பழைய கார் ஒன்று இருந்தது. பனிக்காலத்தில் அதை ஓட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கை வீட்டுக்குப் போவாள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் உறைந்து விரிந்து இஞ்சினையே பிளந்துவிடும் என்பதால், உறையாமல் காக்கும் கூலன்ட் ஊற்ற வேண்டும். “பித்தளை ரேடியேட்டர், ஈயப்பற்று. இதுக்குப் பழைய பச்சைக் கூலன்ட்தாங்க்கா சரி. புதுசா வர்ற ஆரஞ்சை ஊத்தினீங்க, பத்த வெச்ச இடமெல்லாம் அரிச்சிடும்” என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அவள் பச்சையையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலப்பாள். ஒரு கிண்ணத்தில் எடுத்து ஃப்ரீசரில் வைப்பாள். காலையில் கிண்ணம் தளும்பினால்தான் கிளம்புவாள்.

அவள் தங்கை வீட்டில் தங்குவது வருடத்துக்கு வருடம் நீண்டது. கணவருக்குள் பயம் புகுந்தது. அந்த வருடம் கல்யாண உடுப்புகள் குவிந்து கிடந்தபோது அவரே முன்வந்தார்: “நீ தைச்சிக்கிட்டிரு, நான் ஊத்திடறேன்.” அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கையைக் கூப்பிட்டு, “உன் மாமா திருந்திட்டாருடி” என்று சிரித்தாள். சந்தேகத்தால் அல்ல, பழக்கத்தால், ரேடியேட்டரிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்து ஃப்ரீசரில் வைத்தாள்.

காலையில் அது பச்சைக் கல்லாக இருந்தது.

வெளியே தெருக்குழாய் வெடித்திருந்தது. கார் நின்ற கொட்டகைக்கு ஓடினாள். ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர் தளதளவென்று ஆடியது. கார் முதல் சாவியிலேயே கிளம்பியது. உள்ளே வந்தபோது, கணவர் கையிலிருந்த டீ டம்ளரோடு உறைந்து கிடந்தது.

“என்ன ஊத்தினீங்க?”

“குழாய்த் தண்ணி. கொஞ்சம் கேக் சாயம்.” அவர் தலை நிமிரவில்லை. “இஞ்சின் போயிட்டா நீ போக மாட்டேன்னு…”

“போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சண்டை போட்டிருப்பேன். ஆனா இருந்திருப்பேன்.” உறைந்த கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “தங்கச்சிகிட்ட உங்களைப் பத்திப் பெருமையடிச்சேனே!”

அன்றே கிளம்பிப் போனாள். பனி உருகியதும் திரும்பியும் வந்தாள், எல்லா வருடமும். குடும்பம் நடந்தது. அவர் டீயைக் கரண்டியால் உடைத்துத் தின்னப் பழகினார். வெயில் காலத்தில் பக்கத்து வீட்டார் பால் பாத்திரத்தோடு வந்து, “ஐஸ் மாமா, ஒரு விரல் வைங்க” என்பார்கள், வைப்பார். அவளோ, ஊசியில் நூல் கோக்கக்கூட அவரிடம் கேட்டதில்லை.

அந்தத் தண்ணீரை மட்டும் அவள் மாற்றவே இல்லை. “கூலன்ட் மாத்தி வருஷக்கணக்காச்சேக்கா” என்று மெக்கானிக் மூடியைத் திறக்கப் போனால் கையைத் தட்டிவிடுவாள்.

“என் வீட்டுக்காரர் ஊத்தினதுப்பா. அது உறையாது.”