சம்பந்தி வந்த அன்று ஏறிய கடல்

மகனுக்குப் பெண் தரப்போகும் சம்பந்திகள் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதுமே கஸ்மிரான் கடல் ஏறும் நேரத்தைத்தான் பார்த்தார். துறைமுக நகரான செமராங்கின் வடகோடியில், கடலை ஒட்டியது அவர் வீடு. நிலம் அமிழ அமிழத் தெருவை மேடாக்கினார்கள். வீடு பள்ளத்திலேயே நின்றது. உள்ளே போகக் குனிய வேண்டும். சம்பந்திகளோ நண்பகலிலும் போர்வை கேட்கும் மலையூர் சலாத்திகாக்காரர்கள்.

அவர்கள் வரும் அன்றைக்கு மதியம் கடலேற்றம் இருந்தது, தெருவுக்குள் தண்ணீர் வரும் நேரம்.

"அவங்கள பழைய நகரத்துல சுத்திக் காட்டிட்டு, தண்ணி வடிஞ்சதும் கூட்டிட்டு வரேன்" என்றார் மனைவியிடம்.

"பையனும் துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிட்டான். நான் ஒருத்தியா எல்லாத்தையும் தூக்கி வைக்கணுமா?" என்றாள் முர்தினி.

"கொஞ்சந்தான் வரும்."

ரயிலடியில் சம்பந்திகளை வரவேற்று, ஆயிரங்கதவு மாளிகையையும் செம்புக் குவிமாடத் தேவாலயத்தையும் காட்டினார். மூங்கில் குருத்தை வைத்துச் சுருட்டிய லும்பியா பலகாரம் வாங்கிக் கொடுத்தார். பெண்ணின் அப்பா சுதர்மாஜி வியர்வையில் ஒட்டிய சட்டையை உதறிக்கொண்டு சிரித்தார்.

"உங்க ஊருல குளிக்கத் தண்ணியே வேணாம் போல சம்பந்தி. சும்மா நின்னாலே நனைஞ்சிடுது!"

"வீட்டுக்குள்ளயும் கடல் வருதாமே, டிவில காட்டுனாங்க" என்றார் சம்பந்தியம்மா ரத்மி.

"அதெல்லாம் வேற பக்கம்மா. எங்க தெருவ எட்டிக்கூடப் பாக்காது."

சட்டைப்பையில் கைபேசி அடித்தது. முர்தினிதான். அமுக்கினார். மறுபடி அடித்தது. மறுபடியும் அமுக்கினார்.

தேவாலயத்தின் எதிரே நிழலில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டுப் பைமின் தொடைவரை நனைந்த கால்சட்டையோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"யோவ், போன எடுக்க மாட்டியா? ஒன்ன எங்கெல்லாம் தேடுறது! கரை ஒடைஞ்சு ஒன் வீட்டுல இடுப்பளவு தண்ணி. அரிசி மூட்டையத் தூக்குறேன்னு ஒன் பொண்டாட்டி வழுக்கி விழுந்துட்டா. கை ஒடிஞ்சிருச்சு போல. மேசை மேல ஒக்கார வச்சிட்டு வரேன்."

கஸ்மிரான் தலை நிமிரவில்லை. காதுமடல் கொதித்தது. சுதர்மாஜி எழுந்துபோய் ஒரு வண்டியை நிறுத்தினார்.

தெருமுனையில் இறங்கியதும், பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரத்மிதான் முதலில் தண்ணீரில் இறங்கினார். முர்தினி மேசைமேல் கையைப் பிடித்தபடி முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். விருந்துக்குச் சமைத்த சட்டிகள் மட்டும் பத்திரமாக அலமாரியின் உச்சியில் இருந்தன.

"வாங்க, வாங்க... ஒக்காரச் சொல்லக்கூட எடமில்ல" என்றாள். கணவன் பக்கம் திரும்பவேயில்லை. சம்பந்திகள் இருவரும் அவளைத் தாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். கஸ்மிரானுக்குப் பிடிக்க இடம் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் சுதர்மாஜி பக்கத்தில் வந்து நின்றார்.

"தண்ணி வர்ற வீடுன்னு தெரிஞ்சா பொண்ணு தர மாட்டோம்னு நெனச்சீங்களா?"

கஸ்மிரான் ஆமென்று தலையசைத்தார்.

"தண்ணிக்காக யோசிக்க மாட்டேன் சம்பந்தி. ஆனா அந்தம்மாவத் தனியா விட்டுட்டு வந்து எங்களுக்கு லும்பியா வாங்கிக் குடுத்தீங்க பாருங்க, அதுக்குத்தான் யோசிச்சேன். பையன் அப்படி இல்லேன்னு எம் பொண்ணு சொல்றா. நம்புறேன்."



கல்யாணம் சலாத்திகாவில் நடந்தது. கட்டுப்போட்ட கையைப் பார்த்துக் கேட்டவர்களிடமெல்லாம் முர்தினி, "வழுக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில் நின்ற கஸ்மிரான் ஒவ்வொரு முறையும் தன் செருப்பைப் பார்த்தார். நாலு பேர் நடுவில் அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார்.