‘வாழ்த்துகள்’ என்று பதில் போட்ட ரிலீவர்

1

ஆமாம், அதே ‘வாழ்த்துகள்’ விவகாரம்தான். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு இசக்கிதுரை சொல்லிக்கொண்டு வந்தது. வாலாஜாபாத் தாண்டும்போதே தலைப்பு ரெடி. ஒரகடத்தில் இறங்கும்போது என்னை எழுத்தாளன் என்றே முடிவுகட்டிவிட்டேன். கதைதான் இன்னும் ஆகவில்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘சமூக வலைத்தளங்கள் மனித உறவுகளின்...’ [அடித்தாயிற்று. எனக்கே கொட்டாவி.]

2

2013. உச்சிமாகாளிக்குப் பகல் ஷிப்ட், இசக்கிதுரைக்கு நைட். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த இருவருக்கும் ஒரே ரூம், ஒரே பாய், ஒரே போன். கேமரா போனைக் கம்பெனி கேட்டுக்குள் விட மாட்டார்கள் என்பதால் அது ரூமிலேயே கிடக்கும். ரூமில் இருப்பவன் கையில் இருக்கும். ஃபேஸ்புக் கணக்கு மட்டும் உச்சிமாகாளி பெயரில்.

லைனில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஷிப்டுக்கு ரிலீவர் வந்தால், முந்தையவன் விட்ட இடத்திலிருந்து வேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எதையும் பெண்டிங் வைக்கக் கூடாது. இசக்கிதுரை நல்ல ரிலீவர். இன்பாக்ஸுக்கும்.

ஊர்க்காரி முத்துச்செல்வி, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தாள். அவளும் உச்சிமாகாளியும் சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அந்த இன்பாக்ஸில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலை அவள் எழுதினாள்: ‘வீட்ல மாப்பிள்ள பாக்காவ. என்ன சொல்லட்டும்?’

உச்சிமாகாளி லைனில். நைட் முடித்து வந்த இசக்கிதுரை படித்தான். ஊர்ப் பெண்ணுக்குக் கல்யாணம், நல்ல விஷயம். ‘வாழ்த்துகள்’ என்று போட்டான், கூடவே ஒரு ஸ்மைலி.*

* ஸ்மைலியை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினான். வில்லன் மாதிரித் தெரிகிறதாம். எடுக்க மாட்டேன். கதையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

3

சாயங்காலம் பார்த்த உச்சிமாகாளியின் கண்கள் கோபத்தில் சிவ... [வேண்டாம். வெல்டிங்காரன், கண் எப்போதும் சிவப்புதான்.] கீழே அவளிடமிருந்து புதிதாக ஒரு மெசேஜ் வந்திருந்தது. அவன் திறக்கவில்லை.

“நன்றின்னு போட்டிருப்பா. அத வேற நான் படிக்கணுமாக்கும்?”

கணக்கையே முடக்கினான். இசக்கிதுரைக்கு விழ வேண்டிய கெட்ட வார்த்தைகளெல்லாம் ஃபேஸ்புக்குக்கு விழுந்தன.

நேரில் போயிருக்கலாமே, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஊர்தானே? நீங்கள் கேட்பீர்கள் என்று உச்சிமாகாளியிடம் நானே கேட்டுவிட்டேன்.

“போயி, பத்திரிகைய கையில குடுத்துட்டாள்னா?”

இப்படி ஒரு பாத்திரத்தை யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். பிறகு, டைப் செய்து அனுப்பாமல் நான் வைத்திருக்கும் மெசேஜ்கள் ஞாபகம் வந்தன. நம்பிவிட்டேன்.

4

இப்போது 2015. உச்சிமாகாளியிடம் சொந்த போன். கதைக்கு ஒரு முடிவு வேண்டும் என்கிற சுயநலத்தில் நான் நச்சரிக்க, வார லீவு மத்தியானம் அவர்கள் ரூமில் “சரி, ஃபேஸ்புக்குக்கு இன்னொரு சான்ஸ் குடுத்துப் பாப்பம்” என்று, வேலை கேட்டு வந்தவனிடம் பேசும் சூப்பர்வைசர் தோரணையில் லாகின் செய்தான். முடக்கிய கணக்கு அப்படியே திறந்துகொண்டது. அந்த மெசேஜும் அங்கேயே இருந்தது.

‘இது நீங்க எழுதுனது மாதிரி இல்லையே. பக்கத்துல வேற யாரும் இருக்காவளா?’

அவன் திரும்பத் திரும்பப் படித்தான். நானும் இசக்கிதுரையும் சுவரைப் பார்த்தோம்.

முடிவு அ: அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. [தெரியாது. அவள் ப்ரொஃபைல் படத்தில் வெறும் ரோஜாப்பூ.]

முடிவு ஆ: அவள் காத்திருந்தாள், காலம் அவளை... [கை கூசுகிறது.]

முடிவு இ யோசிப்பதற்குள் அவள் பெயர் பக்கத்தில் பச்சைப் புள்ளி. உச்சிமாகாளி ‘நல்லாருக்கியா’ என்று அடித்தான், அழித்தான். இசக்கிதுரை இந்தத் தடவை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

“ஏல, பெண்டிங் வைக்காத.”

உச்சிமாகாளி போனை என்னிடம் நீட்டினான். “கதையெல்லாம் எழுதுதீங்க. நீங்களே ஒண்ணு போடுங்கண்ணே.”

எனக்கு ஆசைதான். ஆனால் போட்டால் நானும் இன்னொரு இசக்கிதுரை. அவள் கண்டுபிடித்துவிடுவாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பச்சைப் புள்ளி இன்னும் எரிகிறது, அவன் விரல் அந்தரத்தில் நிற்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள், நீங்கள் அவன் இடத்தில் இருந்தால் முதலில் என்ன டைப் பண்ணுவீர்கள்?