பதினொன்றாம் மணியும் பன்னிரண்டாம் மணியும்

2007ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி மாலை ஐந்து மணிக்கு யோகேஸ்வரி அடித்த கைமணிகளின் ஓசை, 2008ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி மாலை ஐந்து மணிக்குக் கேட்டது. மல்லி விலை இறங்கிவிட்டது, வத்தல் விலை ஏறிவிட்டது என்று சொல்கிற அதே குரலில்தான் ஆமத்தூர்க்காரர்கள் இதையும் சொல்வார்கள்.

மணிகள் அந்தப் பக்கம் வந்தது 2001இல். விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரி அப்துல் ஹக்கீம் ஒரு லோடு அனுப்புவதற்காகத் தூத்துக்குடி போனவர், பழைய கப்பல் சாமான் விற்கிற கடையில் ஒரு மரப்பெட்டியைப் பார்த்தார். உள்ளே தோல் கைப்பிடி போட்ட இருபத்துநாலு பித்தளை மணிகள். ஒன்றைவிட ஒன்று சிறியது, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சுரம். எடை போட்டு வாங்கிவந்து பாத்திரக்காரரிடம் உருக்கக் கொடுப்பதுதான் அவர் எண்ணம். அவர் தங்கை சித்திகா முற்றத்தில் ஒரு மணியை எடுத்து ஆட்டினாள். பிறகு இன்னொன்றை ஆட்டினாள். "இதைக் கொண்டுபோயி உருக்குனீகன்னா உங்ககூட நான் பேச மாட்டேன்ணே" என்றாள். ஒரு ஆளுக்கு இரண்டு கை, இரண்டு மணி. ஆகவே ஒரு முழுப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் பன்னிரண்டு பேர் வேண்டும். ஹக்கீம் அந்தப் பன்னிரண்டு பேரைத் தேடி ஒரு வருடம் அலைந்தார். ஆமத்தூரில் காலண்டர் அச்சகம் வைத்திருந்த சீனிவாசகம், ஞாயிறுதோறும் பேப்பர் குடோனைத் திறந்துவிட்டார். மணிகளுக்கு ஒன்றிலிருந்து இருபத்துநாலு வரை எண் கொடுத்து, கழிவான காலண்டர் தாள்களின் முதுகில் பாட்டுகளை எண்களாக எழுதிக்கொண்டார்கள். வியர்வை பட்டால் பித்தளை கறுக்கும் என்று எல்லோரும் வெள்ளைக் கையுறை போட்டார்கள். மணியை முன்னால் வீசி அடித்து, போதும் என்றால் நெஞ்சில் வைத்து அடக்க வேண்டும். அடுத்தவர் அடிக்கும்வரை நம் முறைக்குக் காத்து நிற்க வேண்டும். விஸ்வநத்தம் பட்டாசு வேலைக்காரர்களுக்கும் அச்சகத்துப் பெண்களுக்கும் அது சீக்கிரமே கைவந்தது.

யோகேஸ்வரி அந்த அச்சகத்தில் காலண்டரின் மேல்விளிம்புக்குத் தகரத் தகடு அடிக்கிறவள். ஆமத்தூர்தான் ஊர். அவளுக்குப் பதினொன்றும் பன்னிரண்டும் கொடுத்தார்கள். பாட்டு எப்படிச் சுற்றினாலும் நடுவில் இருக்கிற அந்த இரண்டையும் தொடாமல் போகாது. 2002இல் அவள் மணி அரைத் தாளம் பிந்தியது. ஹக்கீம் திட்டினார். அந்தத் தீபாவளிக்குள் ஒரு வரி முழுக்கப் பிந்தியது. மறு வருடம், ஞாயிற்றுக்கிழமை அவள் அடித்தது திங்கட்கிழமை யாரும் இல்லாத குடோனில் கேட்டது. மணியை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள், கோளாறு அவள் கையோடு போனது. மதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு காது டாக்டரிடம் காட்டினார்கள். டாக்டர் அடித்தால் உடனே கேட்டது, அவள் அடித்தால் கேட்கவில்லை. அவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுநாள் அதே நேரத்தில் டாக்டர் அறையில் ஆளில்லாமல் மணி அடித்ததாகக் கம்பவுண்டர் போன் பண்ணிச் சொன்னார். 2005இல் அந்தத் தாமதம் சரியாக ஒரு வருடத்துக்கு வந்து, அதற்குமேல் வளராமல் நின்றது.

யோகேஸ்வரி கையுறைகளைத் துவைத்து மடித்து ஹக்கீமிடம் கொடுத்துவிட்டு, இனி வரவில்லை என்றாள். ஒன்பதாம் மணியும் பத்தாம் மணியும் அடிக்கிற ஒச்சப்பன்தான் அவளைத் தடுத்தான். விஸ்வநத்தத்தில் பட்டாசுக் குழாய்க்கு மருந்து அடைக்கிறவன், நிதானமான ஆள். "வர்ற வருசக் காலண்டருக்கு இந்த வருசமே ஆர்டர் எடுக்கலையா? அது மாதிரி பாட்டையும் ஒரு வருசம் முன்னாடியே முடிவு பண்ணிக்கிடுவோம். இதுல என்ன இருக்கு?" என்றான். மற்றவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. அதன்படி ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சி, பிப்ரவரி முதல் தேதி மாலை ஐந்து மணி, அதே குடோன் என்று ஏற்பாடாயிற்று. பதினொரு பேர் மேசையில் அந்த வருடப் பாட்டை அடிப்பார்கள். அவள் போன வருடம் அடித்த ஓசை மூலையிலிருந்து வந்து அதில் சேர்ந்துகொள்ளும். அதே நேரத்தில் அவள் அந்த மூலையில் நின்று அடுத்த வருடப் பாட்டைச் சத்தமில்லாமல் அடிப்பாள். இந்தப் பாட்டு அந்தப் பாட்டைக் குழப்பாமலிருக்கக் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். நன்றாக இருந்தது என்று கேட்டவர்கள் சொல்வார்கள். தன் மணி மற்ற மணிகளோடு சேர்ந்து எப்படி இருக்கும் என்று அவளுக்கு மட்டும் தெரியாது.

2008க்கான பாட்டை ஒச்சப்பன்தான் கொடுத்தான். மருந்து அடைக்கும்போது அவன் வாய்க்குள் முனகிக்கொண்டிருந்த மெட்டு அது. அவன் மனைவி வள்ளித்தாய் ஏழாம் மணியும் எட்டாம் மணியும் அடிக்கிறவள். அவன் முனக முனக அவள்தான் எண்களாக எழுதினாள். 2007 பிப்ரவரியில் யோகேஸ்வரி அந்தப் பாட்டை முதல் எண்ணிலிருந்து கடைசி எண்வரை அடித்து முடித்தாள்.

ஜூலையில் ஒச்சப்பன் செத்துப்போனான். மருந்தறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. சீசன் அவசரம் என்று அன்றைக்கு ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காலை பத்தே காலுக்கு அறை வெடித்தது, ஐந்து பேர் போனார்கள். ஏழு பேரை உட்காரவைத்த போர்மேன் ராஜபாண்டியன். குழுவில் ஒன்றாம் மணியும் இரண்டாம் மணியும், அதாவது இருப்பதிலேயே பெரிய இரண்டையும், அடிக்கிறவர் அவர்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் வள்ளித்தாய் அவரிடம் ஒரே ஒரு தடவை பேசினாள். "நாலு பேரு உக்கார்ற ரூம்புல ஏழு பேரு. பக்கத்து ரூம்புல இருந்த மனுசன ஏழாவது ஆளா இங்கன வந்து உக்காருன்னு கூப்பிட்டது நீங்கதான் அண்ணாச்சி." வழக்கு வந்தது, ராஜபாண்டியன் கைதானார், ஜாமீனில் வந்தார். யாரும் முடிவெடுக்காமலே ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. ஹக்கீம் மணிப்பெட்டியைப் பூட்டிக் குடோன் மூலையில் வைத்தார்.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் யோகேஸ்வரி விருதுநகருக்குப் போய் ஹக்கீமைப் பார்த்தாள். "பாய், நான் போன வருசமே அடிச்சு முடிச்சாச்சு. ஒச்சப்பண்ணன் பாட்டு. நாம போனாலும் போகாட்டியும் ஒண்ணாம் தேதி அது வந்துரும்."

ஹக்கீம் கையிலிருந்த வத்தலை ஒடித்து விதையைப் பார்த்தார். "வரும் தாயி. வந்து யாரும் இல்லாம நிக்கும்" என்றார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

விஸ்வநத்தத்தில் வள்ளித்தாய் வீட்டுக்குள் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். யோகேஸ்வரி சொன்னதைக் கேட்டும் அவள் கை நிற்கவில்லை.

"அவரு மணி ரெண்டையும் யாரு அடிப்பா?"

"தெரியல மதினி."

"அந்தாளு வருவாரா?"

"அவருகிட்டயும் போய்ச் சொல்லத்தான் போறேன். ஒண்ணாம் மணி இல்லாம அந்தப் பாட்டு நிக்காதுன்னு உங்களுக்கே தெரியும்."

வள்ளித்தாய் இரண்டு பெட்டிகளை ஒட்டி வெயிலில் வைத்துவிட்டு வந்தாள். "பசி நேரத்துல வந்திருக்க. சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.

சிவகாசியில் ராஜபாண்டியன் கதவை முழுக்கத் திறக்காமலே பேசினார். "அந்தப் பிள்ள முன்னால நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து நிப்பேன்?" யோகேஸ்வரி தேதியையும் நேரத்தையும் மட்டும் மறுபடி சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். வருகிற வழியெல்லாம், ஒரு வருடத்துக்கு முன்னால் ஒச்சப்பன் உயிரோடு இருந்த ஒரு சாயங்காலத்தில் கிளம்பிய ஓசை தனியாக நடந்துவருவதாகவே அவளுக்குத் தோன்றியது.

பிப்ரவரி முதல் தேதி குடோனில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வள்ளித்தாய் வந்தாள். கையுறையை மாட்டினாள். ஏழையும் ஒன்பதையும் ஒரு கையிலும், எட்டையும் பத்தையும் மறு கையிலும் எடுத்தாள். விரலிடுக்கில் கைப்பிடிகளைக் குறுக்காகக் கோத்து, மணிக்கட்டை இப்படித் திருப்பினால் ஒன்று, அப்படித் திருப்பினால் இன்னொன்று. பத்து நாளாக வீட்டில் கரண்டிகளை வைத்துப் பழகியிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. ராஜபாண்டியன் வெளியே லாரிக்குப் பக்கத்தில் நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. யோகேஸ்வரி வழக்கம்போல் மூலையில் மணிகளோடு நின்றாள். அடுத்த வருடத்துக்கு என்ன பாட்டு என்று முடிவாகவில்லை, அடுத்த வருடம் குழு இருக்குமா என்பதும் தெரியவில்லை. அதனால் அவள் அடிக்கப் போவதில்லை என்று பஞ்சு வைக்காமல் நின்றாள்.

ஐந்து மணிக்குப் பதினொன்றாம் மணி அவள் தோளுக்குப் பக்கத்தில், காற்றில் கேட்டது. ஒச்சப்பனின் பத்தாம் மணி வள்ளித்தாய் கையிலிருந்து அதற்குப் பதில் சொன்னது. பிறகு பன்னிரண்டு. மற்ற மணிகள் ஒவ்வொன்றாக ஏறின. மறுபடி பதினொன்று. தான் அடித்தது இவ்வளவு மென்மையாக இருக்கும் என்று யோகேஸ்வரி நினைத்ததே இல்லை. அவளுக்குக் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை. அடுத்து ஒன்றாம் மணி வர வேண்டிய இடம். வள்ளித்தாய் வாசல் பக்கம் திரும்பாமல், மணிகளைத் தாழ்த்தாமல், உரக்கச் சொன்னாள். "ஒண்ணாம் மணி வருது. உள்ள வந்து அடிங்க. பேச்செல்லாம் வேண்டாம்."

ராஜபாண்டியன் ஓடிவந்தார். கையுறை போட நேரமில்லை. வெறுங்கையால் ஒன்றாம் மணியை எடுத்து வீசினார். அது சரியான இடத்தில் விழுந்தது. அந்தப் பெரிய மணியின் அதிர்வு அடங்குவதற்குள் யோகேஸ்வரியின் கைகள் தாமாக உயர்ந்தன. வேறு பாட்டு எதுவும் முடிவாகியிராததால், காதில் கேட்டுக்கொண்டிருந்த அதே பாட்டைத் தன் முறை வரும் நாலாவது இடத்திலிருந்து அடித்தாள். கையும் ஓசையும் ஒன்றாகப் போயின. அன்றைக்குப் புதிதாக வந்து பார்த்தவர்களுக்கு அவளிடம் எந்தக் குறையும் தெரிந்திருக்காது.

முடிந்ததும் ராஜபாண்டியன் மணிகளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் விரல் பட்ட இடங்களை வள்ளித்தாய் துணியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்தாள். அந்த வருடம் செப்டம்பரில் கோர்ட்டில் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னாள். ஏழு பேரை உட்காரவைத்தது தான்தான் என்று அவரும் ஒத்துக்கொண்டார். தீர்ப்பு வரும்வரை அவர் ஜாமீனிலேயே இருந்தார்; ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் குடோனுக்கு வந்தார்கள். மேசையின் இந்தக் கோடியில் அவள், அந்தக் கோடியில் அவர். எண்களைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

2009இலும் ஒச்சப்பன் பாட்டுதான், ஏனென்றால் அது ஏற்கெனவே அடித்தாயிற்று. ஆரம்பித்து வைக்கப் பதினொன்றாம் மணி இல்லாததால் ஹக்கீம் கடிகாரத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பாட்டின் தொடக்கத்தில் மூன்று இடங்கள் காலியாகவே போயின. அந்த இடங்களில் வேறு மணி அடிக்கலாம் என்று ஒத்திகையில் யாருக்கும் தோன்றவில்லை. காரியாபட்டியிலிருந்து கேட்க வந்திருந்த ஒரு வாத்தியார், மேசையின் ஓரத்தில் நின்ற சித்திகாவிடம் குனிந்து, ஏன் அங்கங்கே ஓட்டை விழுகிறது என்று கேட்டார்.

"அது மூணையும் போன வருசம் யோகேஸ்வரி கேட்டுக்கிட்டு நின்னுட்டா" என்றாள் சித்திகா.

வாத்தியார் சரி என்று தலையாட்டினார். ராஜபாண்டியன் ஒன்றாம் மணியை அடித்தார். மூலையிலிருந்து நாலாவது ஓசை வந்தது.