பதினான்கு "இல்லை"

தங்கையனின் குடும்பத்தில் ஆண்கள் பகலில் உறங்கியதாகச் சரித்திரம் இல்லை. வித்துரா ரப்பர் தோட்டத்தில் உச்சிவேளையில் குறட்டை விட்ட வேலைக்காரனை அன்றைக்கே அனுப்பியவர் அவர். தோட்டத்தை மகனிடம் விட்டுவிட்டுத் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்துக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. உறக்கம் போயும் மூன்று மாதம். ஒன்பதுக்குப் படுத்தால் இரண்டு வரை விழிப்புதான்.

மலையாளி டாக்டர் ஆர்ஷா கொடுத்த உறக்கக் குறிப்புத் தாளில் தங்கையன் எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறித்திருந்தார். "பகல் உறக்கம்" என்ற கட்டத்தில் மட்டும் பதினான்கு நாளும் "இல்லை" என்று எழுதியிருந்தார்.

"சாயங்காலம் காப்பி இல்ல, பகல் உறக்கம் இல்ல. டெஸ்ட் எல்லாம் நார்மல்," என்றார் டாக்டர். "பின்னே அங்கிள், மனநல டாக்டர் ஒருத்தரைக் கண்டா நல்லது. அதுல நாணக்கேடு ஒண்ணும் இல்ல. லெட்டர் தரட்டே?"

தங்கையனுக்கு லெட்டர் வேண்டாம். பேத்தி லிபிக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மூன்று தலைமுறையைத் துருவி விசாரிக்கிறவர்கள். தங்கையன் மனைவியைப் பார்த்தார். ராகேல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, வாயில கொழுக்கட்டையா?"

"நான் என்னத்த சொல்ல? மத்தியானம் பேப்பர் வாசிக்கது ஒங்க காரியம்லா."

"பேப்பரா?" என்றார் டாக்டர்.

"இவியகிட்டயே கேளுங்க."

தங்கையன் தாளைத் திரும்ப வாங்கினார். பதினான்கு "இல்லை"களையும் ஒவ்வொன்றாக அடித்தார். பக்கத்தில், "2 முதல் 4.30 வரை" என்று எழுதினார். "கட்டில்ல இல்ல, பேப்பரோட சாய்வு நாற்காலில," என்றார் தலை நிமிர்ந்து.

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே தங்கையனுக்கு அந்தப் பெண்ணின் மேல் மதிப்பு வந்தது.

"ராத்திரிக்கு உள்ள உறக்கத்தை உச்சைக்கே, மத்தியானமே தீர்த்தாச்சு அங்கிள். இனி அந்த நாற்காலி வேண்டாம். உறக்கம் வந்தா மட்டும் கட்டில். எப்போ உறங்கினாலும் காலைல அஞ்சரைக்கு எழும்பணும். ரெண்டு ஆழ்ச்ச, பதினாலு நாள், பார்ப்போம். அதுக்கப்புறமும் சரியாகலேன்னா லெட்டர்."

அன்றே நாற்காலியை மடக்கிப் பரணில் போட்டார். முதல் வாரம் தலை கிறுகிறுத்தது. பத்தாம் நாள் மத்தியானம் உறக்கத்தை விரட்டக் குடை பிடித்து வாசல் கேட்டருகே நின்றார். முந்தின ராத்திரி பதினொன்றுக்கெல்லாம் கண் அயர்ந்திருந்தது.

"என்ன சார், இந்த வெயில்ல?" என்றான் பக்கத்து வீட்டு ரதீஷ். "கிடந்து உறங்கக்கூடாதா?"

"பேப்பர் இஞ்ச சும்மா கெடக்கு, கேட்டியளா!" என்று உள்ளிருந்து ராகேல் சத்தம் கொடுத்தாள்.

தங்கையன் திரும்பவில்லை.

"எங்க குடும்பத்துல பகல் உறங்குத வழக்கம் இல்லடே," என்றார்.

அன்றைக்கு அது உண்மையாக இருந்தது.