யார் போட்டது?

தலையில் சுற்றியிருந்த துண்டை மாமியார் தானாக அவிழ்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல் அதற்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் நின்று முடிச்சை அவிழ்த்தது அவள்தான். துண்டு சரிந்ததும் அடுத்த நாற்காலியில் புருவம் திருத்திக்கொண்டிருந்த பெண் கண்ணைத் திறந்து பார்த்து, "அடக் கடவுளே" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். வகிட்டிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குச் செங்கல் நிறம். அதற்குக் கீழே தோள் வரை பாசி பிடித்த தொட்டியின் பச்சை. அதற்கும் கீழே, மேலே நடந்த எதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல, இடுப்பு வரை கன்னங்கரேல்.

பார்லரை நடத்துகிற அக்கா இதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. "கவலையே படாதீங்கம்மா. இதைவிட மோசமான தலையெல்லாம் நம்ம பொண்ணு தேத்தி அனுப்பியிருக்கா" என்றாள்.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடுங்க. நாளை மறுநாள் என் மகளுக்குக் கல்யாணம். ஒரே கறுப்பா வேணும்."

அந்தப் பொண்ணு சீப்போடு அரை அடி தூரத்தில்தான் நின்றாள். ஆறு வருஷமாக அந்த அம்மாளின் இளைய மருமகள். அக்காவுக்கு இது தெரியாது. அவள், "சரிங்க மேடம்" என்றாள்.

காலையில் கணவன் போன் செய்திருந்தான். அம்மா வருகிறாள், இரண்டு பார்லரில் கைவிரித்துவிட்டார்கள், கொஞ்சம் பாத்துக்கோ. "மருமகள்னு காட்டிக்கணுமா, இல்ல யாரோ மாதிரி நிக்கணுமா?" என்று கேட்டாள். "அதை நீங்க ரெண்டு பேருமே பாத்துக்கங்க" என்றான். பாத்துக்கோ என்று சொல்லிவிட்டால் அவன் கடமை முடிந்துவிடும். தனிக்குடித்தனம் வந்துவிட்ட அவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகையும் அவன் கைக்குத்தான் வந்திருந்தது. வா என்று அவளை வாயால் யாரும் அழைக்கவில்லை.

இந்த மாதிரித் தலை வந்தால் "என்ன போட்டீங்க?" என்று இந்தத் தொழிலில் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும். "யார் போட்டது?" என்று கேட்கவேண்டும். கேட்டவுடன் நாத்தனார் போட்டாள், பக்கத்து வீட்டுக்காரி போட்டாள், புருஷன் போட்டுவிட்டான் என்று ஆத்திரம் பொங்கும். பழியை அடுத்தவர் மேல் இறக்குகிற வேகத்தில் எந்த டப்பா, எத்தனை தடவை, முன்னால் என்ன பூசியிருந்தது எல்லாமே சேர்ந்து கொட்டிவிடும். அவள் அப்படித்தான் கேட்டாள்.

"யார் மேடம் போட்டது?"

மாமியார் அக்காவைப் பார்த்துப் பதில் சொன்னார். "யாரு போட்டா என்ன? டப்பா டை. ஒரே ஒரு தடவை."

மூத்த மருமகள் போட்டிருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். மூத்தவளைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் அந்தத் தலையைத் தொட அனுமதி கிடையாது. "ஊரான் பொடுகெல்லாம் ஒட்டின கை" என்று இவள் கையை எண்ணெய்க் கிண்ணத்தின் பக்கம்கூட விட்டதில்லை.

"அதுக்கு முன்னாடி ஏதாவது பூசியிருந்தீங்களா?"

"முன்னாடி எதுக்குப் பூசணும்? எங்க வம்சத்துக்கே நரை கிடையாதுன்னு சொல்லுங்க."

அவள் பச்சைப் பகுதியைக் கிளிப் போட்டுப் பிரித்தாள். சீப்பு சொரசொரவென்று ஓடியது. முடியின் மேல் புகை படிந்த பாத்திரத்தின் அடிபோல ஒரு பூச்சு. டப்பா டை சொந்தக் கறுப்பைப் பச்சையாக்காது. நாளாக நாளாக முடியின் மேல் படிந்த உலோக உப்பு இருந்தால் பச்சையாக்கும். பொட்டலத்தில் வருகிற, தண்ணீரில் குழைத்துப் பூசுகிற மட்டமான கறுப்புப் பொடியில் அது உண்டு. நுனியிலும் அதே சொரசொரப்பு இருந்தது. இடுப்பு வரை வளர்ந்த முடி ஒரு மாதத்தில் வளர்ந்ததல்ல. அவள் கல்யாணமாகி வந்ததற்கும் முன்னாலிருந்து ஒவ்வொரு முறையும் கதவைத் தாழிட்டுக்கொண்டு பூசியிருக்கிறார்.

அவள் கையிலிருந்த சீப்பு நின்றது.

கல்யாணமான முதல் வருஷம். வீடு நிறைய உறவுக்காரர்கள். இருபத்தைந்து வயதில் அவளுக்கு முன்நெற்றியில் நரை ஓடியிருந்தது, அவள் அப்பாவுக்கு ஓடியதுபோல. அவளைக் கூடத்தில் உட்காரவைத்து, முடியை விரலால் பிளந்து, எல்லோருக்கும் காட்டியவர் இந்த அம்மாள்தான். "வயசை மறைச்சு நம்ம தலையில கட்டிட்டாங்க. எனக்கு அறுபதாகப் போவுது, ஒரு வெள்ளை முடி காட்டுங்க பாப்போம்!" மறுநாள் அவள் அப்பா பிளாஸ்டிக் உறையில் அவளுடைய பள்ளிச் சான்றிதழைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள். பிறந்த தேதி எந்த வரியில் இருக்கிறது என்று தெரியாமல் தாளைத் தலைகீழாக நீட்டினார். மாமியாரின் தம்பி அதை நேராகத் திருப்பி, சத்தம்போட்டு வாசித்தான். யாரோ சிரித்தார்கள். மாமியார் தன் கறுப்புக் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டே, "பள்ளிக்கூடத்துலயும் காசு கொடுத்தா தேதி மாத்துவாங்க" என்றார்.

அக்கா உள்ளறைக்குக் கூப்பிட்டாள். "என்ன சிலை மாதிரி நிக்கிற? ப்ளீச் கலக்கு. எல்லாத்தையும் இறக்கிட்டு ஒரே கலரா ஏத்திடு."

"அக்கா, பொடி போட்ட தலை இது. ப்ளீச் பட்டா சூடாகும். முடி கருகிக் கையோட வரும்."

"அவங்கதான் ஒண்ணும் போடலைங்கிறாங்களே? நான் காதால கேட்டேன், அந்தப் புருவக்காரியும் கேட்டா. வந்தா அவங்க பொறுப்பு. நமக்கென்ன வந்துச்சு?"

நமக்கென்ன வந்துச்சு. ப்ளீச் பொடியும் திரவமும் கிண்ணத்தில் கலந்து நீலமாகக் குழைந்தபோது அது எவ்வளவு சுலபமான காரியம் என்று அவளுக்குத் தெரிந்தது. பிரஷ்ஷால் தடவி, காகிதத்தில் மடித்து, காத்திருந்தால் போதும். சாட்சிக்கு ஆள் இருக்கிறது. வார்த்தை அந்த அம்மாளுடையது. நாளை மறுநாள் மேடையில், ஊர் முன்னால், முக்காடு போட்டுக்கொண்டு நிற்கட்டும். அப்பா நின்றதைவிட இது ஒன்றும் பெரிசில்லை. அவள் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் அவளுக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனால் அவள் பிரஷ்ஷை எடுக்கவில்லை. வெளியே போய் மாமியாரின் பிடரியிலிருந்து தீக்குச்சிக் கனத்துக்கு ஒரு கற்றையை வெட்டி வந்து, சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, மேலே அந்தக் குழம்பை ஊற்றினாள். யாரோ வந்தார்கள் என்று அக்கா வாசலுக்குப் போனாள். புருவக்காரியும் முடித்துக்கொண்டு கிளம்பியிருந்தாள். அவள் கிண்ணத்தைக் கொண்டுவந்து மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பிடிங்க."

"எதுக்கு?"

வந்ததிலிருந்து நேராக அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "சும்மா பிடிங்க. உங்க முடிதான்."

கிண்ணம் முதலில் வெதுவெதுப்பானது. பிறகு ஓரத்தில் நுரை கட்டி, அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. மாமியாரின் விரல்கள் இடம் மாறின. ஆனால் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

"சொந்தக் கறுப்புன்னா சுடாது" என்றாள் அவள். "எத்தனை வருஷமா பூசுறீங்க?"

"வேலையைப் பாரு."

"வேலையைத்தான் பாக்குறேன். இதைத் தலையில வச்சா, கல்யாணத்துக்குச் சவுரிதான் வாங்கணும்."

"பயமுறுத்துறியா?"

"பயமுறுத்தணும்னா பேசாம வச்சு விட்டிருப்பேன்."

பார்லர் சாமான் வைக்கிற தள்ளுவண்டியின் கீழ்த்தட்டில் ஒரு டியூப் இருந்தது. ப்ளீச்சில் கலக்கிற பெராக்சைடு இல்லாத கறுப்பு. முடிக்குள் போகாது, மேலே படியும். நாலைந்து அலசலில் போய்விடும், ஆனால் ஒரு கல்யாணத்தைத் தாண்டிவிடும். அவள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். மன்னிப்புகூட வேண்டாம். அந்த வாயிலிருந்து, அவள் முகத்தைப் பார்த்து.

"யார் போட்டது அத்தை? அன்னைக்கு என் தலையைப் பிளந்து காட்டினீங்களே, அன்னைக்கு உங்க தலையில இருந்தது யார் போட்டது?"

அத்தை என்றதும் மாமியார் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். மேலுதட்டில் வியர்த்திருந்தது. ஒரு கணம் வாய் அசைந்ததுபோல இருந்தது. அவள் குனியக்கூடச் செய்தாள், கேட்பதற்கு.

"உங்கப்பன் அன்னைக்கு வந்து நின்னதை இன்னும் சுமந்துகிட்டுத் திரியிறியா?" என்றார் மாமியார். "நல்லாத் திரி."

கிண்ணத்தை மேசையில் வைத்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"வெட்டு."

"எதை?"

"உனக்குத் தெரியாதா? எவ்வளவு போகணுமோ அவ்வளவும் வெட்டு. கேக்கிறவங்ககிட்ட சின்ன மருமக வஞ்சம் வச்சு வெட்டிட்டான்னு சொல்லிக்கிறேன்."

"சொல்லுங்க. நான் இல்லைன்னு சொல்லமாட்டேன்."

"சொன்னா எவ நம்புவா?"

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். இன்னொரு கையால் முடி மொத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தாள். ஆறு வருஷத்தில் இப்போதுதான் அது அவள் கைக்குள் வருகிறது. நினைத்ததைவிடக் கனமாக, தலையின் சூட்டோடு, ஒரு பிராணியைப்போல இருந்தது. டியூப் கீழ்த்தட்டில்தான் இருந்தது, குனிந்தால் எட்டும். அவள் தொழில் பழக்கத்தில் உச்சந்தலையில் இரண்டு விரலை வைத்து லேசாக அழுத்தினாள்.

"தலையைக் குனிங்க."

"குனியமாட்டேன்."

"குனிஞ்சாத்தான் நேரா வரும்."

"கோணலா வரட்டும். வெட்டு."

கழுத்து விரலுக்கடியில் கல்லாக விறைத்து நின்றது. கத்தரியின் இரண்டு அலகுக்கும் நடுவில் அந்தப் பிடி முடி முழுதாக அடங்கவில்லை. அவள் அழுத்தினாள். முடி அறுபடாமல் அலகுக்குள் நெரிந்து, கரகரவென்று பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். கண்ணாடியில் இரண்டு முகமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. இரண்டும் இமைக்கவில்லை.