பேராச்சியின் இருபது நிமிஷம்

1964இல் ஆயுத பூசைக்கு மறுநாள், தாராவிக் கரையில் காலை ஆறு முப்பத்தைந்துக்குப் புறப்பட்ட கரீம் பாட்சாவின் படகு ஆறு இருபத்தைந்துக்கு எதிர்க்கரையில் போய் நின்றது. மாஹிம் கழிமுகத்தைக் கடக்கப் பத்து நிமிஷம் பிடிக்கும். அன்றைக்கும் பத்து நிமிஷம்தான் பிடித்தது, ஆனால் பின்பக்கமாக. மருந்துக் கம்பெனி வாட்ச்மேன் கடிகாரத்தை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, வந்தவர்களை உள்ளே விட்டான்.

படகில் இருந்தது கப்பல் உடைக்கிற இடத்தில் கரீம் பாய் வாங்கி வந்த சின்ன மின் மோட்டார். அதற்கு லாரி பேட்டரி ஒன்று. அந்த பேட்டரிக்குத் தான் வேலை பார்க்கும் பேட்டரிக் கடையில் ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றி, காலையில் தோளில் சுமந்துவந்து வயர் மாட்டிக் கொடுப்பது வெயிலுமுத்து. அவன் மனைவி பேராச்சி அதே படகில் ஏறி எதிர்க்கரைக் கம்பெனிக்குப் புட்டியில் லேபிள் ஒட்டப் போவாள். ஏழு மணிக்கு கேட்டை அடைத்தால் அன்றைக்கு வேலை கிடையாது. மூன்று தடவை அடைபட்டால் எந்நாளைக்கும் கிடையாது. அவள் சாயங்காலம் திரும்பும்போது அவன் கடைக்குப் போயிருப்பான், டாக்சிக்காரர்கள் பேட்டரி கொடுப்பது அந்த நேரத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு, டாக்சிக்கு லீவு கிடையாது. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில், அவன் ஆறரைக்கு வருவதற்கும் படகு கிளம்புவதற்கும் நடுவே உள்ள ஐந்து நிமிஷம்தான் அவர்கள் நடத்திய குடித்தனம். அதிலும் பாதி வயர் மாட்டுவதில் போய்விடும்.

படகு பின்னால் போவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சவாரிகள் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். "புறத்தால போனா என்ன வே, போய்ச் சேருதுல்லா" என்றார் பாய். ஒரு வாரத்தில் புறப்படும் நேரத்தை ஆறு ஐம்பத்தைந்துக்குத் தள்ளிவைத்தார். அப்படியும் ஆறே முக்காலுக்கு எதிர்க்கரை சேர்ந்தது. சாயங்காலம் பேட்டரி உட்கார்ந்துவிடும் என்பதால் துடுப்புத்தான், நேரமும் ஒழுங்காக ஓடியது. கூடுதலாகக் கிடைத்த இருபது நிமிஷத்தில் பேராச்சி இரண்டு கிளாஸ் டீ வாங்கிவந்து, கவிழ்த்துப் போட்ட பழைய தோணிமேல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆறே முக்கால் ஆனதும் எதிர்க்கரையில் ஒரு பேராச்சி படகைவிட்டு இறங்கிச் சேலையை உதறிக்கொண்டு நடப்பாள். இந்தக் கரைப் பேராச்சி டீயை ஊதிக்கொண்டே அவளைப் பார்ப்பாள்.

"கேட்டுக்குள்ள போயிட்டாளா?"

"போயிட்டா. நீ நிதானமாக் குடி."

இருபதாவது நாள் பேட்டரி முனையைத் துணியால் துடைத்த வெயிலுமுத்து அப்படியே நின்றுவிட்டான். பிளஸ் முனையில் அடையாளத்துக்குச் சிவப்பு பெயிண்ட் வைத்திருப்பான். இன்னொரு முனையிலும் சிவப்பு இருந்தது, துடைத்ததும் கையோடு வந்தது. கடையில் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும், படகில் ஏது மீட்டர்? சிவப்பை நம்பி முதல் நாள் மாற்றி மாட்டியவன், அந்தத் தடத்திலேயே தினமும் மாட்டி வந்திருக்கிறான்.

"பூசைக்கு நான்தான் குங்குமம் வச்சேன்," என்றாள் பேராச்சி. "ஒண்ணுக்குப் பொட்டு வச்சு ஒண்ண மூளியா விட்டா நல்லாவா இருக்கு?"

தொழில்காரனுக்கு இதைவிட மானக்கேடு இல்லை. பிளஸ் மைனஸ் தெரியாதவன் என்று மற்ற கடைக்காரர்கள் ஆயுசுக்கும் சிரிப்பார்கள். அவன் ஸ்பேனரை எடுத்தான்.

"மாத்திப் போட்டா என்ன ஆவும்?"

"படகு நேராப் போவும்."

"அப்ப நான் முன்ன மாதிரி வெரசாக் கெளம்பணும்லா."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவன் தப்பாக மாட்டியிருந்த இடத்திலேயே நட்டை நன்றாக முறுக்கிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மற்ற கடைக்காரர்கள் சிரித்தார்கள். இரண்டு மாதத்தில் அதுவும் அலுத்துப்போனது.

1967 ஆயுத பூசை வரைக்கும் கணக்குப் பார்த்தால் மூன்று வருஷம், வருஷத்துக்கு முன்னூறு வேலை நாள், நாளைக்கு இருபது நிமிஷம். மொத்தம் பன்னிரண்டரை நாள் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு அவனுக்குக் கிடைத்த லீவு நாலு நாள்.