ஐந்தாவது கை

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கைக் கட்டி மேய்ப்பவளுக்கு மாத்திரையக்கா என்று பெயர். தலைமை மருத்துவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். எந்த அலமாரியில் எந்தப் புட்டி, எது எந்த மாதம் காலாவதி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அந்தச் சாமர்த்தியத்துக்குத் தண்டனை மாதிரி அவளையும் நிதிக் குழுவில் பிடித்துப் போட்டார்கள். விலை உயர்ந்த சிகிச்சைக்கு உதவி கேட்டு வரும் மனுக்களில் யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்று ஐந்து பேர் உட்கார்ந்து கை தூக்கிச் சொல்லும் குழு அது. எதிரிக்கும் வாய்க்கக் கூடாத வேலை.

மனுவில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். தெரிந்தவர் மனு என்று தெரிந்தால் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட வேண்டும். இரண்டுக்கு இரண்டு என்று நின்றால் கேட்டவருக்கே கொடுத்துவிட வேண்டும் என்பதும் விதி. மறுத்து அனுப்பும் கடிதத்தில் எட்டு வருஷத்துக்கு முன்புவரை ‘நிராகரிக்கப்பட்டது’ என்று இருந்தது. சாகக் கிடப்பவனிடம் இப்படியா முகத்திலடித்த மாதிரிச் சொல்வது என்று சண்டை போட்டு, அதை ‘காத்திருக்கலாம்’ என்று மாற்ற வைத்தவள் மாத்திரையக்காதான். அன்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பதினேழாம் எண் மனு வந்தது. வயது நாற்பத்தொன்று, பஸ் ஓட்டுநர், மனைவி தையல் கூடத்தில் வேலை, ஒரே பெண், ரத்தப் புற்றுநோய். அதற்குமேல் படிக்க வேண்டியிருக்கவில்லை. அவளுடைய தங்கை வீட்டுக்காரர். மனு போடச் சொன்னதே இவள்தான்.

எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. இருந்தால் மாப்பிள்ளைக்கு ஒரு கை கூடுமே என்று நினைத்தாள். சுத்தத் திருட்டுத்தனம்தான், அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. முப்பது வருஷமாக ஒரு மாத்திரைகூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை, கூடப்பிறந்தவளுக்காக ஒரு தடவை செய்துவிட்டுப் போகிறேன் என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் கணக்கு அதிகாரி தொண்டையைச் செருமினார். இந்த மருந்து வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இதற்குக் கொடுத்துவிட்டால் டயாலிசிஸ் பிரிவுக்கு ஒதுக்கிய பணம் போய்விடும், இலவசமாகச் செய்துகொள்ளும் முப்பத்திரண்டு பேரை வருஷக் கடைசி வரைக்கும் நிறுத்த வேண்டியதுதான் என்றார். மருந்து கொடுத்தால் எத்தனை நாள் இருப்பார் என்று தலைமை நர்ஸ் கேட்டாள். ஒரு வருஷம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு என்றார் தலைமை மருத்துவர்.

மருத்துவர் கை தூக்கினார். சமூகப் பணியாளரும் தூக்கினார். கணக்கு அதிகாரியும் நர்ஸும் தூக்கவில்லை. எல்லோரும் இவளைப் பார்த்தார்கள். அந்த முப்பத்திரண்டு பேரும் இவள் ஜன்னலில் வந்து நிற்பவர்கள். கால் வீங்கிப்போய் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வரும் கல்லூரிப் பெண், சீட்டை நீட்டும்போதெல்லாம் “உங்க கடை எப்பம்மா மூடுவீங்க” என்று கிண்டல் பண்ணும் லிஃப்ட்காரர். தூக்குவதற்கென்றே உட்கார்ந்திருந்த கை மடியிலிருந்து எழும்பவில்லை. மூன்றுக்கு இரண்டு என்று எழுதிவிட்டு மருத்துவர் அடுத்த மனுவை எடுத்தார்.

கிடங்குக்குத் திரும்பிப் புட்டிகளை அடுக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒழுங்காக வெளியே போயிருந்தால் இரண்டுக்கு இரண்டு. மாப்பிள்ளைக்கு மருந்து கிடைத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை தங்கை போன் பண்ணிக் கூப்பிட்டாள். போனால் வாசலிலேயே கடிதத்தோடு நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு.

“முடியாதுன்னு சொல்லல, பாரேன். காத்திருக்கலாம்னு போட்டிருக்காங்க. வீட்டை வித்து அந்த மருந்தை வாங்கிடலாம்னு ஆளை வரச் சொல்லியிருந்தேன். வேண்டாம், காத்திருப்போம்னு அவரே திருப்பி அனுப்பிட்டாரு.”

மாத்திரையக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டு வருஷத்தில் அந்தச் சொல் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும், எத்தனை பேர் இப்படிச் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள் என்று நினைத்தாள்.

“அதுக்கு இல்லைன்னு அர்த்தம்டி. அந்த ஆளைத் திரும்ப வரச் சொல்லு, இன்னிக்கே.”

தங்கை கடிதத்தை இன்னொரு தரம் படித்தாள்.

“இல்லைன்னா இல்லைன்னு எழுதறதுக்கு என்ன கேடு? எந்த மகராசன் எழுதினான் இதை?”

“நான்தான்.”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. அறையை விட்டு வெளியே போகாததையும், கை தூக்காததையும், முப்பத்திரண்டு பேரையும், போயிருந்தால் கிடைத்திருக்கும் என்பதையும் ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள். தங்கை அழுவாள், இல்லை அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். இரண்டும் நடக்கவில்லை.

“கொடுக்கணும்னுதான் உக்காந்தியா?”

“ஆமா.”

“உக்காந்துட்டு, வேண்டாம்னு நினைச்ச.”



உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பேச்சுக் குரல் கேட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை மூச்சு வாங்க வாங்கக் கூப்பிட்டார்.

“யாரு, அக்காவா? உள்ள வரச் சொல்லு. கடுதாசியைக் காட்டினியா?”

தங்கை அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“காட்டிட்டேங்க,” என்றாள் உள்ளே கேட்கிற மாதிரி. “அவங்களுக்கு நேரமில்லையாம். போயிட்டாங்க.”

மாத்திரையக்கா இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.